நிரல்மொழி ஆவணங்களில் அடைவுப் பதிவுகளின் தெளிவு: ஒரு கருத்துரை

நிரல்மொழி ஆவணங்களின் அடைவுகளைப் பற்றித் தமிழாய்விதழ் ஒன்றில் எழுதும்போது காரணம் கூறியே தொடங்க வேண்டியுள்ளது. அடைவு செய்தல் தமிழ்த்துறைகளுக்குப் புதிய பணியன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் இணைத்த அரும்பத அகராதிகளும் செய்யுள் முதற்குறிப்பு அகராதிகளும் இன்றும் ஆய்வாளர்க்குக் கைக்கருவிகளாக உள்ளன. வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரையில் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோரின் சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் வெளிவந்தது. இவற்றின் வழியில் ஒரு நூலுக்குச் சொல்லடைவு செய்து ஆய்வுப்பட்டம் பெற்றவர்களும் பலர். எச்சொல்லைத் தலைச்சொல்லாகக் கொள்வது, ஒரே வடிவுடைய இருவேறு சொற்களை எவ்வாறு பிரித்துக் காட்டுவது, ஒரு சொல்லின் பல பொருள்களை எந்த முறையில் வகைசெய்வது என்பன நம் துறையில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவரும் வினாக்கள்.

நிரல்மொழி ஒன்றின் ஆவணம் என்பது ஏறத்தாழ இலக்கணமும் அகராதியும் ஒருங்கே அமைந்த நூல்தொகுதி. அம்மொழியின் தொடரமைப்பு விதிகளை அது கூறும். அம்மொழியோடு உடன்வரும் செயற்கூறுகளின் பெயர்களைத் தந்து ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று விளக்கும். ஆயிரக்கணக்கான பெயர்கள் கொண்ட இத்தகைய தொகுதிக்கு அடைவு இன்றியமையாதது. ஆனால் இவ்வடைவுகளைச் செய்வோர் பெரும்பாலும் நிரலாளர்களே. மேற்குறித்த வினாக்களை அவர்கள் அங்கங்கே தாமாக எதிர்கொண்டு தமக்குத் தோன்றியவாறு விடை கண்டுள்ளனர். சில விடைகள் சிறந்தவை, பல, பயனற்றவை. இப்பதிவுகளின் தெளிவின்மைக்குக் கருவிகளின் குறைபாடு காரணமன்று, சொல்லடைவுக்கும் பொருளடைவுக்கும் உள்ள வேறுபாட்டை உணராமையே காரணம் என்பது என் கருத்து. தமிழில் நிரலாக்க நூல்கள் எழுதப்பட்டுவரும் இக்காலத்தில் அவ்வேறுபாட்டை நன்கு அறிந்த தமிழாய்வாளர் இதனைத் தமக்குரிய பணியாகக் கொள்ளவேண்டும் என்றும் கருதுகிறேன்.

பெயரும் பொருளும்

சொல்லடைவு, 'இச்சொல் எங்கெங்கு வருகிறது' என்னும் வினாவுக்கு விடை தருவது. வினவுபவர் சொல்லை முன்னரே அறிந்திருப்பார். பொருளடைவு, 'இச்செய்தி எங்கே விளக்கப்படுகிறது' என்னும் வினாவுக்கு விடை தருவது. இங்கு வினவுபவர் நூலாசிரியர் அச்செய்திக்கு இட்ட பெயரை அறியாதவராக இருக்கலாம். சங்க இலக்கிய ஆய்வாளர்க்கு முதல்வகை பெரிதும் போதுமானது. நிரல்மொழி கற்பவர்க்கோ இரண்டாம்வகையே முதன்மையானது; பெயரை அறியாமைதான் அவர் அடைவைத் திறப்பதற்கே காரணம்.

பைத்தான் மொழியின் ஆவணத்தை எடுத்துக்கொள்வோம். 1991இல் முதன்முதலில் வெளியிடப்பட்ட இம்மொழி 2019-20 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலும் இடம்பெற்றுள்ளது. இதன் ஆவணம் தொடக்கத்தில் லாடெக் வடிவில் இருந்தது. 2008ஐ ஒட்டி, கியோர்க் பிராண்டல் உருவாக்கிய ஸ்பிங்க்ஸ் என்னும் ஆவணமாக்கக் கருவிக்கு மாற்றப்பட்டது. இக்கருவியில், ஒரு செயற்கூற்றின் விளக்கத்தை உரிய குறியுடன் எழுதிய அளவிலேயே அதன் பெயர் அடைவில் தானே சேர்ந்துவிடும். அடைவின் மிகப்பெரும் பகுதி இவ்வாறு தானே விளைந்தது. விடுபடல் இல்லை, பிழையான சுட்டு இல்லை. நிறைவு என்னும் அளவுகோலால் அளந்தால் மிகச் சிறந்த அடைவு இது.

இதனுள் 'குளோஸ்' என்னும் தலைச்சொல்லைப் பார்க்கலாம். மூடுதல் என்னும் பொருளுடைய இப்பெயரில் பல செயற்கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் வேறுபடுத்த, அது எந்த வகையைச் சார்ந்தது என்பது அடைப்புக்குறிக்குள் தரப்பட்டுள்ளது. கோப்பு ஒன்றைத் திறந்து படித்தபின் மூட விரும்பும் மாணவர் இங்கு வருகிறார் எனக் கொள்வோம். அவர் தேடும் பதிவு 'ஐஓபேஸ்' என்னும் வகைப்பெயரோடு நிற்கிறது. உள்ளீடு, வெளியீடு சார்ந்த பொருள்களுக்கெல்லாம் அடிப்படையான வகையின் பெயர் அது. கோப்புகள் அதிலிருந்தே தம் பண்புகளைப் பெறுகின்றன. இவ்வுறவை அறிந்தவர்க்குப் பதிவு தெளிவானது. அறியாதவர்க்கு, நாள்தோறும் தாம் எழுதும் ஒரு சொல்லின் விளக்கம் கண்முன் இருந்தும் அதுவே தமக்குரியது என்று உணர வழியில்லை. இங்குப் பதிவு பிழையுடையதன்று. வேறுபடுத்தும் குறிப்பு நூலாசிரியரின் வகைப்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டுள்ளது, வாசகரின் தேவையிலிருந்து எடுக்கப்படவில்லை என்பதே குறை. 'கோப்பை மூடுதல்' என்று ஒரு பதிவு கையால் சேர்க்கப்பட்டிருந்தால் போதும். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' என்பது சொல் இருந்தும் பொருள் துணியப்படாத நிலை. தானியங்கிப் பதிவுகள் பலவற்றுக்கு இப்பெயர் பொருந்தும்.

தேடுபொறி உள்ளபோது அடைவு எதற்கு என்று கேட்போர் உண்டு. தேடல் என்பது விரைவுபடுத்தப்பட்ட சொல்லடைவே. சொல் வருமிடத்தை அது காட்டும். பொருள் விளக்கப்படும் இடத்தைத் தேர்ந்து காட்டுவதில்லை. உரையாடும் செயலிகள் விடையையே தந்துவிடுகின்றன என்பதும் உண்மைதான். ஆயினும் அவ்விடை சரியா என்று பார்க்க விரும்புபவர் மீண்டும் ஆவணத்துக்கே வரவேண்டும். அங்கே அவருக்கு அடைவு வேண்டும்.

பெயர் அறியாதவர்க்கு வழிகாட்டும் எண்ணம் கணினித் துறைக்கு அயலானதும் அன்று. யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்புக் கையேட்டில் (1979) சுழலடைவு ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒருவரி விளக்கம் எழுதி, அவ்வரியின் முதன்மையான ஒவ்வொரு சொல்லும் தலைச்சொல்லாக வருமாறு வரியைச் சுழற்றி அகரவரிசையில் அடுக்கினர். 'கிரெப்' என்னும் கட்டளையின் பெயரிலிருந்து அதன் பயனை எவரும் ஊகிக்க இயலாது. ஆனால் கோப்பில் ஒரு வடிவத்தைத் தேடுவது என்பது அதன் ஒருவரி விளக்கம். ஆகவே கோப்பு, வடிவம், தேடல் என்பவற்றுக்குரிய எந்தச் சொல்லின் வழியாகவும் அதனை அடையலாம். சுழற்றியது கணினி என்றாலும் விளக்கவரியை எழுதியது மனிதர். அந்த ஒருவரி செறிவாக அமைந்த இடங்களில் அடைவும் தெளிவாக அமைந்தது. இன்றைய ஆவணங்கள் இம்முறையைக் கைவிட்டது இழப்பு என்றே கருதுகிறேன்.

குறிகளின் பல பொருள்

சொற்களைவிடக் குறிகளின் நிலை சிக்கலானது. நிரல்மொழியில் உடுக்குறி, முக்காற்புள்ளி, விழுக்காட்டுக்குறி ஆகியவை இலக்கணப் பொருளுடையன. ஒரே குறி பல பொருள்களில் வரும். பிறர் எழுதிய நிரலில் இவற்றுள் ஒன்றைக் கண்டு மயங்கும் மாணவர்க்கு அக்குறியன்றித் தேடுவதற்குச் சொல் எதுவும் கையில் இல்லை. ஸ்பிங்க்ஸ் அமைத்துத் தரும் தேடுபெட்டியும் உதவாது. அது எழுத்துகளையும் எண்களையும் கொண்டே சொற்களைப் பிரிப்பதால் குறிகள் கழிந்துவிடுகின்றன. ஆகவே குறிகளுக்கு அடைவே பெரும்பாலும் ஒரே வழி.

பைத்தான் ஆவணம் பாராட்டத்தக்கதாக விளங்குவது இவ்விடத்தில்தான். அதன் அடைவின் தொடக்கத்தில் குறிகளுக்கென ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு குறியின் அருகிலும் அதன் பெயர் எழுத்தால் தரப்பட்டுள்ளது. உடுக்குறியைக் கண்ணால் கண்டவர் அதன் பெயரையும் அறிந்துகொள்கிறார். முக்காற்புள்ளியின்கீழ், கூட்டுத்தொடரின் தலைப்பில் வருவது, அகராதி வகைப் பொருளை எழுதும்போது வருவது, வரிசையிலிருந்து ஒரு துண்டை எடுக்கும்போது வருவது, மாறியின் வகையைக் குறிக்க வருவது, பெயரிலாச் செயற்கூற்றில் வருவது, சில இயங்குதளங்களில் கோப்புப் பாதைகளைப் பிரிக்க வருவது எனத் துணைப்பதிவுகள் உள்ளன. விழுக்காட்டுக்குறியின்கீழும் அவ்வாறே: கணக்கீட்டுக்குறியாக, சரத்தை வடிவமைக்கும் குறியாக, நாளும் நேரமும் எழுதும் வடிவின் உறுப்பாக. இப்பதிவுகள் தாமே விளைந்தவை அல்ல. ஆவணத்தின் வெவ்வேறு மூலைகளில் கிடந்த இடங்களை யாரோ பொறுமையுடன் தேடி எழுதிச் சேர்த்தவை.

இலக்கணம் பயின்ற நமக்கு இது பழகிய வேலை. உம்மைக்கு எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களை நன்னூலார் வகுத்தார். ஒரு நூலில் 'உம்' வரும் இடங்களையெல்லாம் வகைபிரிக்காமல் எண்களாக அடுக்கித் தந்தால் அவ்வடைவால் ஆய்வாளர் அடைவது சிறிது. எச்சவும்மை இவ்விடங்களில், எண்ணும்மை இவ்விடங்களில் என்று பிரித்துத் தரும்போதுதான் அது ஆய்வுக் கருவியாகிறது. முக்காற்புள்ளியை வகைசெய்த நிரலாளர் நன்னூல் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் செய்தது உம்மையை வகைசெய்த அறிவின் செயலே.

அச்சு நூல்களில் இதற்கு முன்மாதிரி உண்டு. கெர்னிகன், ரிட்சி இருவரும் சி மொழிக்கு எழுதிய நூலின் அடைவில் (முதற்பதிப்பு 1978, இரண்டாம் பதிப்பு 1988) குறிகள் முன்னே நிற்கின்றன. ஒரே குறி இரு பணிகளில் வந்தால் பணியின் பெயருடன் இரு தனிப்பதிவுகளாக நிற்கிறது. இடையே ஒரு சிறு நகை: இரண்டாம் பதிப்பில், ஒரு செயற்கூறு தன்னையே அழைத்துக்கொள்ளும் முறையைக் குறிக்கும் 'ரிகர்ஷன்' என்னும் பதிவின் பக்க எண்களுள் 269 என்பதும் உண்டு. அப்பதிவு இடம்பெறும் அடைவுப் பக்கத்தின் எண் அது. அடைவைத் தாமே கருத்தூன்றிச் செய்த ஆசிரியருக்குத்தான் இத்தகைய விளையாட்டும் தோன்றும். கெர்னிகன் பின்னர் ஜான் பென்ட்லியுடன் சேர்ந்து அடைவு அச்சிடும் சிறு கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். பதிவுகளை வரிசைப்படுத்துவதும் பக்க எண்களை ஒன்றுசேர்ப்பதும் அக்கருவிகளின் பணி. எதனைப் பதிவாக்குவது என்பது ஆசிரியரிடமே விடப்பட்டது.

ஒரு பதிவிலிருந்து நூலின் உள்ளே செலுத்தும் சுட்டுகளைப் பற்றியும் கூறவேண்டும். பைத்தான் அடைவில் ஒரு பதிவுக்குப் பல இடங்கள் இருந்தால், முதல் இடத்துக்கான இணைப்பு தலைச்சொல்லிலேயே அமைகிறது. ஏனையவை [1], [2], [3] என்னும் எண்களாக அடுத்து நிற்கின்றன. இவ்வெண்கள் எதனையும் உணர்த்துவதில்லை. திருக்குறட் சொல்லடைவில் 391 என்று கண்டால் அது கல்வி அதிகாரத்தின் முதற்குறள் என்பதை நூல் பழகியவர் உடனே அறிவார். எண்ணே சூழலைச் சுட்டிவிடுகிறது. அச்சு நூலின் பக்க எண்கூடத் தொடக்கமா இறுதியா என்பதையேனும் காட்டும். [1] என்பதோ, திறந்து பார்த்தால் தெரியும் என்று மட்டுமே கூறுகிறது. நான்கையும் திறந்து பார்க்கும் வாசகர் மூன்று இடங்களில் அச்சொல் போகிறபோக்கில் வந்திருப்பதைக் காண்பார். 'நின்று பயனின்மை' என்று நன்னூல் பெயரிட்ட குற்றம் இதுவே.

இதற்குத் தீர்வு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உண்டு. டொனால்ட் கனூத் தம் டெக் நூலின் (1984) அடைவில், ஒரு சொல்லுக்கு இலக்கணம் கூறும் பக்கத்தின் எண்ணை அடிக்கோடிட்டும், நல்ல எடுத்துக்காட்டு உள்ள பக்கத்தின் எண்ணைச் சாய்வெழுத்திலும் அச்சிட்டார். விதி வேண்டுவோர் ஒரு பக்கத்துக்கும் பயன்பாடு வேண்டுவோர் மற்றொன்றுக்கும் நேரே செல்லலாம். ஸ்பிங்க்ஸ் கருவியிலும் முதன்மைச் சுட்டை வியப்புக்குறியிட்டு அழுத்திக் காட்டும் வசதி உண்டு. பைத்தான் ஆவணத்தின் சில இடங்களில் அது பயன்பட்டும் உள்ளது. கருவி தடையன்று என்று முன்னர்க் கூறியதற்கு இது சான்று. எது முதன்மையான இடம் என்று தீர்மானிக்கும் ஒருவர்தான் வேண்டும்.

அதே கருவியின் மற்றொரு வசதி தீங்கும் விளைத்துள்ளது. இரு சொற்களை இணையாகத் தந்தால் ஒவ்வொன்றின்கீழும் மற்றொன்று வருமாறு இரு பதிவுகளை அது ஆக்கித்தரும். மூன்று சொற்களைத் தந்தால் மூன்று பதிவுகள். தொகுதி, தேடல், பாதை என்னும் மூன்றையும் தந்தால் 'தொகுதி' என்பதன்கீழ்த் தேடற்பாதையும், 'தேடல்' என்பதன்கீழ்ப் பாதை, தொகுதி என்பவையும், 'பாதை' என்பதன்கீழ்த் தொகுதித் தேடலும் வரும். எழுதுபவர்க்கு எளிது. ஆனால் தொகுதியின் இருப்பிடத்தைக் கணினி கண்டறியும் முறையை அறிய விரும்பும் ஒருவர் 'தேடல்' என்னும் பொதுச்சொல்லின்கீழ்ப் பார்ப்பாரா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இவ்வகையில்தான் 'தொடர்', 'பொருள்' ஆகியவற்றுக்கு நேரான ஆங்கிலத் தலைச்சொற்களின்கீழ் நீண்ட பட்டியல்கள் உருவாகியுள்ளன. நிபந்தனைத் தொடரைத் தேடுபவர் 'தொடர்' என்னும் சொல்லுக்குச் செல்வது, குறுந்தொகையில் ஒரு பாட்டைத் தேடுபவர் 'பாட்டு' என்னும் சொல்லுக்குச் செல்வதைப் போன்றது.

இவ்விடத்தில் சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதனை நினைக்காமல் இருக்க இயலவில்லை. அவர் வகுத்த சங்கிலி அடைவு முறையில் ஒரு பொருளின் வகைப்பாட்டுச் சங்கிலியிலுள்ள கண்ணிகளைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவாக்குவர். ஆனால் எல்லாக் கண்ணிகளையும் அல்ல. எந்த வாசகரும் நாடிவர வாய்ப்பில்லாத கண்ணிக்கு அவர் தனிப்பெயரே இட்டார், அது பதிவாவதில்லை. வாசகரின் காலத்தைச் சேமித்தல் என்பது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது. இயந்திரம் பதிவைப் பெருக்கும்போது அதனைக் குறைக்கும் அறிவு மறுபுறம் வேண்டும். இணைப்பதிவு வசதியில் இல்லாதது அவ்விலக்கும் பகுதியே.

தமிழ் ஆவணங்களுக்கு

இதுவரை கூறியவை ஆங்கில ஆவணத்தைப் பற்றியவை. தமிழில் எழுதும்போது சிக்கல்கள் மாறுகின்றன. சில குறைகின்றன, சில மிகுகின்றன.

மிகுவது கலைச்சொல் வேறுபாட்டால். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'செயற்கூறு' என்பதை, கணிதம் வழியே வருபவர் 'சார்பு' என்பர்; முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழியாகிய எழிலில் அதற்கு வழங்கும் திறவுச்சொல் 'நிரல்பாகம்'. நிரல் என்று இங்கு வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் 'செய்நிரல்' என்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்னும் விவாதம் முடிவுறப்போவதில்லை. அடைவு அதற்காகக் காத்திருக்கவும் வேண்டா. யாழ்ப்பாணத்தில் பயின்ற மாணவரும் மதுரையில் பயின்ற மாணவரும் தத்தம் சொல்லோடு வந்து ஒரே இடத்தை அடையவேண்டும். நன்னூலார் உத்திகளுள் ஒன்றாகக் கூறிய மாட்டெறிந்தொழுகலுக்கு இங்கு முழுப்பயன் உண்டு. ஒரே எச்சரிக்கை: 'சார்பு' என்பதில் 'செயற்கூறு காண்க' என்றும், அங்குச் சென்றால் 'நிரல்பாகம் காண்க' என்றும் வாசகரை அலையவிடலாகாது. சுட்டவேண்டிய இடங்கள் ஒன்றிரண்டே எனில், இரு தலைச்சொற்களிலும் அவற்றையே நேரே தந்துவிடுவது நன்று.

எழில் போன்ற மொழிகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. அதில் நிபந்தனையைக் குறிக்கும் திறவுச்சொல் 'ஆனால்'. பகுதியின் இறுதியைக் குறிப்பது 'முடி'. இரண்டும் விளக்கவுரையிலும் இயல்பாக வரும் சொற்கள். ஆங்கிலம் அறியாத மாணவர்க்கு இது பெரும் நன்மை. அடைவு செய்பவர்க்கோ தொல்லை. திறவுச்சொல்லாக வரும் 'முடி'யையும் பொதுச்சொல்லாக வரும் 'முடித்தல்' என்பதையும் எழுத்துரு வேறுபாட்டாலோ 'திறவுச்சொல்' என்னும் குறிப்பாலோ பிரித்துக் காட்டாவிட்டால் மயக்கம் உறுதி. தானியங்கி முறையில் சொற்களைத் திரட்டினால் விளக்கவுரையிலுள்ள ஒவ்வொரு 'ஆனால்' என்பதும் அடைவுக்குள் புகுந்துவிடும்.

குறைவது வேற்றுமையால். ஆங்கில அடைவில் 'பட்டியல்' என்பதன்கீழ் 'சேர்த்தல்' என்று இருந்தால், பட்டியலில் ஓர் உறுப்பைச் சேர்த்தலா, ஒரு பட்டியலை மற்றொன்றோடு சேர்த்தலா என்பது விளங்காது. உறவைக் காட்டும் இடைச்சொல்லைச் சுருக்கம் கருதி நீக்கிவிடுவது அங்கு வழக்கம். தமிழில் 'பட்டியலில் உறுப்பைச் சேர்த்தல்', 'பட்டியலோடு பட்டியலைச் சேர்த்தல்' என ஓருருபே உறவை விளக்கிவிடும். இவ்வாறு எழுதினால் பதிவு சிறிது நீளும். தலைச்சொல்லும் உருபேற்று நிற்கும். ஆயினும் வரிசைப்படுத்தும்போது உருபை நீக்கிய பெயரைக் கொண்டே வரிசைப்படுத்தலாம். ஆங்கில அடைவின் தலைகீழ்த் தொடரை அப்படியே பின்பற்றி 'சேர்த்தல், பட்டியல்' என்று எழுதுவது நம் மொழி இயல்பாகவே தரும் தெளிவைக் கைவிடுவதாகும். தமிழில் வந்துள்ள தொழில்நுட்ப நூல்கள் சிலவற்றில் இந்நடை காணப்படுவது வருந்தத்தக்கது.

இறுதியாக அகரவரிசை. அடைவின் தெளிவு பதிவின் சொல்லமைப்போடு நிற்பதில்லை. எதிர்பார்த்த இடத்தில் பதிவு இருக்கவும் வேண்டும். யூனிகோட் தொகுதியில் தமிழெழுத்துகளின் இடவரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அதில் நகரத்துக்கு அடுத்து னகரமும், ரகரத்துக்கு அடுத்து றகரமும், லகரத்துக்குப்பின் ளகர ழகரங்களும் வந்து, அவற்றுக்குப் பின்னரே வகரம் வருகிறது. ஆய்தம் அகரத்துக்கும் முன்னே உள்ளது. புள்ளி, உயிர்க்குறிகள் யாவற்றுக்கும் பின்னே நிற்கிறது. மென்பொருளிடம் வரிசை எதுவும் கூறாமல் விட்டால் அது இக்குறியெண் வரிசையையே பின்பற்றும். விளைவு: தமிழ்ப் பேரகராதி முறைப்படி 'மாற்று', 'மாறி', 'மாறிலி' என்று வரவேண்டியவை 'மாறி', 'மாறிலி', 'மாற்று' என்று நிற்கும். 'அவை' என்பதற்குப் பின் வரவேண்டிய 'அளவுரு' முன்னே வந்துவிடும். சில மென்பொருள்கள் வரிசைப்படுத்தும் முன்னர் ஒகர உயிர்மெய்க் குறியை இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன. அப்போது 'கொடு' என்பது 'கேள்', 'கை' ஆகியவற்றுக்கு முன்னே சென்றுவிடும். சிறிய அடைவில் இவை கண்ணில் படா. ஆயிரம் பதிவுகள் கொண்ட அடைவில், அகராதி பார்த்துப் பழகியவர் தம் சொல் அங்கே இல்லை என்றே முடிவுசெய்வார்.

இவற்றைச் சரிசெய்ய நிரலாளரின் உதவி வேண்டும். ஆனால் என்ன வரிசை வேண்டும், எச்சொல் தலைச்சொல், எது முதன்மையான இடம், எதற்கு மாட்டேறு என்று எழுதித்தரவேண்டியவர்கள் நாம். நான் முன்வைப்பது சிறிய தொடக்கம். தமிழில் உள்ள நிரலாக்க நூல் ஒன்றை முதுகலை மாணவர் குழு எடுத்துக்கொள்ளட்டும். அடைவு செய்யத் தொடங்குமுன், அந்நூலைக் கொண்டு பயிலும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, நூலில் தேட முயன்று பெயர் தெரியாமல் நின்ற இடங்களையெல்லாம் அவரவர் சொற்களிலேயே எழுதித்தரச் சொல்லட்டும். 'கடைசி உறுப்பை மட்டும் எடுப்பது', 'எழுத்தை எண்ணாக மாற்றுவது', 'நிற்காமல் ஓடுவதை நிறுத்துவது' என்று வரும் அத்தொடர்களை நூலாசிரியரின் கலைச்சொற்களுக்கு அருகில் வைத்து, எவை தலைச்சொல்லாகும், எவை துணைப்பதிவாகும் என்று பிரிக்கட்டும். இப்பணியை ஆய்வேடாக ஏற்பதற்குத் துறைகளின் பாடக்குழுக்கள் முன்வருமா என்பதை இவ்விதழின் வாசகர்களிடமே கேட்கிறேன். அக்குழுக்களில் அமர்ந்திருப்போரும் அவர்களே.